பௌர்ணமி மாத்திரை

உங்களில் யாருக்காவது நோயாளிகளிடம் பிரசங்கம் செய்யும் பழக்கம் இருந்தால் இதை இரண்டு முறை படியுங்கள். மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டே ஒரு முறை படித்தால் போதும். மகப்பேறு மருத்துவம் படித்துவிட்டு இந்த ஊருக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சிசேரியனைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. அதை என்னைவிட வேகமாகவே செய்கிறீர்கள். திருவண்ணாமலையில் முப்பது வருடத்துக்கு மேல் பெண்களை மட்டுமே பார்த்த ஒரு மருத்துவர், ஒரு பெண்ணின் வலியை எப்படிப் பார்க்காமலே விட்டார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அந்த மருத்துவர் நான்தான். வேறு யார் தலையிலாவது கட்டலாமா என்று யோசித்துப் பார்த்தேன், ஆள் கிடைக்கவில்லை.

இந்த ஊரில் கிளினிக் வைத்தவர்களுக்குப் பௌர்ணமிக்கு முந்தைய வாரம் எப்படி இருக்கும் என்று தெரியும். டோக்கன் எடுத்து உட்கார்ந்திருப்பவர்களில் நாலில் ஒருத்திக்கு ஒரே தேவைதான். "மேடம், டேட்டு தள்ளிப்போற மாத்திரை எழுதிக் குடுங்க." கிரிவலம் போகவேண்டும், நடுவில் மாதவிலக்கு வந்துவிடக் கூடாது. கார்த்திகை தீபம் வந்தால் நாலில் மூன்று பேருக்கு அதே தேவை.

எனக்கு அது பிடிக்காது. அதற்கென்றே ஒரு பிரசங்கம் வைத்திருந்தேன். "சாமி படைச்ச உடம்புதானேம்மா இது? சாமிக்குத் தெரியாத ரத்தமா? தைரியமா மலையைச் சுத்திட்டு வா. யாராவது கேட்டா டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லு." இதை ஏற்ற இறக்கத்தோடு சொல்வேன். எங்கள் நர்ஸ்களுக்கு அது மனப்பாடம். நான் இல்லாத நேரத்தில் என் குரலிலேயே நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிரசங்கம் முடிந்ததும், வேண்டாவெறுப்பாகப் பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவேன். நான் முற்போக்கானவள், மூடநம்பிக்கையோடு போராடுகிறவள் என்று எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருத்தியைச் சுகன்யா என்று வைத்துக்கொள்வோம். இருபத்து நாலு வயது, திருமணமாகவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, தேரடி வீதிப் பக்கம் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தாள். மூன்று வருடமாக மாதம் தவறாமல் வந்தாள். மற்றவர்கள் பத்து நாளைக்குக் கேட்டால் இவள் இருபது நாளைக்குக் கேட்பாள். "கூட்டம் ஜாஸ்தியா இருக்கும் மேடம், ரெண்டு நாள் முன்னபின்ன போவோம்" என்பாள். பௌர்ணமி இரண்டு நாளுக்கு முன்பின்னாக வருமா என்று நான் கேட்டதில்லை. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து, அவளுக்கு மட்டும் பிரசங்கத்தில் இரண்டு வரி கூடுதலாகச் சேர்த்துச் சொல்வேன். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொள்வாள். பிரசங்கம் முடிந்ததும் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

கொரோனா வந்த பிறகு பௌர்ணமிக் கிரிவலத்துக்கு மாதக்கணக்கில் தடை இருந்தது நினைவிருக்கும். கடைகள் திறந்தாயிற்று, பஸ் ஓடியது, ஆனால் பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் போலீஸ் தடுப்பு வைத்துவிடுவார்கள். என் கிளினிக்கில் மாத்திரை கேட்கும் கூட்டம் அடியோடு நின்றுபோனது. சுகன்யா மட்டும் வந்து நின்றாள். எனக்கு ஒரே குஷி. வசமாக மாட்டினாள் என்று நினைத்தேன்.

"கிரிவலத்துக்குத்தான் தடை போட்டாச்சே. இப்ப எதுக்கு மாத்திரை?"

"வீட்டு மாடியில இருந்து மலையைப் பாத்துக் கும்பிடுவேன் மேடம்."

"மாடியில நின்னு கும்பிடறதுக்குக் கூடவா மாத்திரை? இந்த மாசம் தர மாட்டேன். உடம்பைப் போட்டு இப்படிப் பாடுபடுத்தாதே."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொல்லி மணி அடித்தேன். எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன், தெரியுமா? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

ஒரு வாரம் போயிருக்கும். பகல் பதினோரு மணிக்குக் கடையில் கூட வேலை செய்கிற இரண்டு பெண்கள் அவளை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். புடவை மடிக்கும்போதே சுருண்டு விழுந்துவிட்டாளாம். முகம் வெளுத்து, கை கால் சில்லிட்டு, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிடந்தாள். முந்தைய நாள்தான் மாதவிலக்கு தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் என் புத்தி எங்கெல்லாமோ ஓடியது. குடல்வால் பழுத்துவிட்டதா? சினைப்பைக் கட்டி முறுக்கிக்கொண்டதா? கருக்குழாயில் கரு தங்கி வெடித்துவிட்டதா? திருமணமாகாத பெண்ணிடம் கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், நானும் கேட்டேன், சோதித்தும் பார்த்தேன். அது எதுவும் இல்லை. வலிக்கு ஊசி போட்டு ஸ்கேன் எடுத்ததில் இடது சினைப்பையில் நாலு சென்டிமீட்டர் கட்டி, உள்ளே பழைய ரத்தம். சாக்லேட் கட்டி என்று நாம் சொல்வோமே, அதேதான். சாக்லேட்டுக்கு இதைவிட அவமானம் கிடையாது.

ஊசி வேலை செய்து அவள் நிமிர்ந்து படுத்த பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் முதல் முறையாக நான் பேசாமல் அவள் சொல்வதைக் கேட்டேன்.

"மூணு வருசத்துக்கு முன்னாடி தீபத்துக்குப் போறதுக்காகத்தான் மேடம் மொதல்ல அந்த மாத்திரை போட்டேன். அந்த மாசம் வலி வரல. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு மாசமும் இப்பிடித்தான் சுருண்டு கெடப்பேன். எல்லாப் பொண்ணுங்களுக்கும் இப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒரு மாசம் வலி இல்லாம போனப்பதான், வலி இல்லாமயும் இருக்கலாம்னே தெரிஞ்சுது."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"வலின்னு சொன்னா யாரும் மாத்திரை தர மாட்டாங்க மேடம். கிரிவலம்னு சொன்னா திட்டிட்டாவது தருவாங்க."

"என்னைப் பத்தி அப்படியா நெனச்சே?"

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பதினாறு வயசுல அம்மா கூட உங்ககிட்டதான் மேடம் வந்தேன். வலின்னு சொன்னேன். நீங்க முதுகுல தட்டி, இந்த வயசுல இதெல்லாம் சகஜம், கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

எனக்கு அது நினைவில்லை. பொய் சொல்கிறாள் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, ஏனென்றால் முதுகில் தட்டுவது என் பழக்கம், அந்த வாக்கியமும் என் வாக்கியம்தான். எத்தனை பெண்களிடம் அதைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எழுந்து போய்க் கை கழுவும் இடத்தில் நின்று அழுதேன். நர்ஸ் வந்து தண்ணீர் கொடுத்தார். இந்த முறை அவருக்கு நடித்துக் காட்டத் தோன்றியிருக்காது.

இனி உங்களுக்கான பகுதி. கருப்பையின் உள்வரியைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே ஒட்டிக்கொண்டு, மாதா மாதம் தானும் கசிந்து, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே புண்ணாக்கி வைக்கும் நோய் எண்டோமெட்ரியோசிஸ், சுகன்யாவின் கட்டியும் அதனால் வந்ததுதான். இது உங்களுக்குத் தெரியும். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அடுத்த ஒரு மணி நேரத்தில் நடந்ததைப் பற்றி.

விஷயம் கேள்விப்பட்டுச் சுகன்யாவின் அம்மா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். நிலக்கடலை பயிரிடும் குடும்பம், கெட்டிக்காரப் பெண்மணி. கட்டி என்ற வார்த்தையைக் கேட்டதுமே தலையில் கை வைத்துக்கொண்டார். மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"ஒரு பௌர்ணமி விடாம மலையைச் சுத்தற பொண்ணுன்னு சொல்லித்தான் டாக்டரம்மா மாப்பிள்ளை வூட்டுல முடிவு பண்ணாங்க. இப்ப கட்டி கிட்டின்னு தெரிஞ்சா இன்னா ஆவறது? ஓட்டை போட்டு எடுப்பாங்களாமே, தழும்புகூடத் தெரியாதாமே. வேலூர்ல எங்கனா வெச்சு ஒரே நாள்ல எடுத்துடுங்க. காதும் காதும் வெச்சமாதிரி முடிச்சுடலாம். கட்டி போச்சுன்னா அப்புறம் ஒண்ணும் இருக்காதுல்ல?"

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, என் கை போன் வரைக்கும் போய்விட்டது. லேப்ராஸ்கோபி செய்கிற நண்பர் வேலூரில் இருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் அந்த வாரமே முடித்துக் கொடுப்பார். அம்மாவுக்கு நிம்மதி. எனக்கும்தான், எட்டு வருடம் கோட்டை விட்டதற்கு ஏதோ பெரிதாகச் செய்துவிட்டேன் என்ற திருப்தி கிடைக்கும். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். குற்ற உணர்ச்சியோடு இருக்கிற மருத்துவருக்குக் கத்தி ரொம்ப அழகாகத் தெரியும்.

ஆனால் கட்டிலில் படுத்திருந்தவள் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இன்னும் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். அம்மாவை ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"எனக்கு வலி வரக் கூடாது மேடம். அவ்ளோதான். மத்ததெல்லாம் அப்புறம்."

ஒரு வெள்ளைத்தாள் எடுத்து அவளுக்கு எழுதிக் காட்டினேன். வலி வரும் நாட்களில் மட்டும் வலி மாத்திரை போடலாம், ஆனால் அவளுக்கு அது எட்டாத கட்டத்துக்கு வந்துவிட்டது. ஹார்மோன் மாத்திரையை இடைவெளி விடாமல் தினமும் போட்டு மாதவிலக்கையே நிறுத்தி வைக்கலாம். அவள் மூன்று வருடமாகத் தனக்குத் தானே செய்துகொண்டதும் அரைகுறையாக அதுதான். அதையே அளவான மருந்தில், முறையான கண்காணிப்பில் செய்ய முடியும். கருப்பைக்குள் ஹார்மோன் கருவி வைக்கலாம், அது இப்போது தேவையில்லை, பின்னால் உதவும். எதற்கும் அடங்காவிட்டால் ஊசி இருக்கிறது. அதைச் சில மாதங்களுக்குத்தான் போடுவோம், எலும்பு தேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக அறுவை சிகிச்சை. அதன் கீழ் ஒரு கோடு போட்டேன். கட்டியை எடுக்கும்போது அதோடு ஒட்டியிருக்கும் நல்ல சினைப்பையும் கொஞ்சம் போகும், முட்டைகள் குறையும். எடுத்தாலும் திரும்ப வரலாம். கட்டி பெரிதானாலோ, மருந்துக்கு வலி அடங்காவிட்டாலோ, சந்தேகப்படும்படி ஏதாவது தெரிந்தாலோ தயங்காமல் போவோம். கல்யாணப் பத்திரிகை அடித்தாயிற்று என்பதற்காகப் போகக் கூடாது.

அவள் தாளை இரண்டு முறை படித்தாள். "எதைப் போட்டா நான் கடையில முழு நாளும் நிக்கலாம்?" என்று கேட்டாள். தினசரி மாத்திரையைக் காட்டினேன். முதல் சில மாதம் திட்டுத்திட்டாக ரத்தம் படும், மனம் சோர்ந்தால் உடனே சொல், இதைக் கருத்தடை என்று நம்பிவிடாதே, குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் வலி திரும்பலாம். எல்லாவற்றையும் சொன்னேன். "அதையே எழுதுங்க மேடம். அவர்கிட்டயும் நானே சொல்லிடறேன்" என்றாள்.

டீ குடித்துவிட்டு வந்த அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கட்டியை உள்ளேயே வைத்துக்கொண்டு மாத்திரை தின்பதாவது, அதை மாப்பிள்ளையிடம் போய்ச் சொல்வதாவது? "நாளைக்கு இவளுக்குக் கொழந்தை இல்லன்னா நீங்களா டாக்டரம்மா பதில் சொல்வீங்க?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது என்றுதான் சொன்னேன். அறுவை சிகிச்சை செய்தாலும் அதே பதில்தான் என்றும் சொன்னேன். அவர் மகளை அழைத்துக்கொண்டு போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த பத்து நாள் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் நின்றுபோனால்? அந்த அம்மா வேறு எங்காவது அழைத்துப்போய் அறுத்துவிட்டால்? பேசாமல் போன் பண்ணியிருக்கலாமோ என்று ஐம்பது தடவை நினைத்தேன். சரியான முடிவெடுத்தால் மனம் லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதினோராம் நாள் சுகன்யா வந்தாள், கூடவே ஒரு இளைஞன், அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் மேனேஜர் வேலை. கசங்காத சட்டை, விருந்தினரை வரவேற்கிற மாதிரி எனக்கே வணக்கம் வைத்தான். அவள் அந்த வெள்ளைத்தாளை அவனிடம் காட்டியிருந்தாள். அவன் அதை நாலாக மடித்துப் பையில் வைத்திருந்தான்.

"கொழந்தை பொறக்குமாங்க?"

"தெரியாதுப்பா. நிறையப் பேருக்குப் பிறக்குது. சிலருக்கு நாளாகும். சிலருக்கு வேற சிகிச்சை வேணும்."

"மாத்திரையை நிறுத்துனா வலி வந்துடுமா?"

"வரலாம்."

பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தான். "அப்ப கொழந்தைக்கு ஒண்ணும் அவசரம் இல்லீங்க" என்றான். சுகன்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை எடுத்துத் துடைத்தேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது, சாப்பாடு நன்றாக இருந்தது. அம்மா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பாயசம் இரண்டாம் தடவை போடச் சொன்னார். ஒன்றரை வருடம் சுகன்யா மாத்திரை போட்டாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்த்தோம். கட்டி வளரவில்லை, கொஞ்சம் சுருங்கியிருந்தது. பிறகு அவர்களாக முடிவெடுத்து நிறுத்தினார்கள். வலி வந்தது, முன்பைவிடக் கம்மியாக. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒன்பது மாதம் ஆகியும் ஒன்றும் இல்லாததால் சென்னைக்கு அனுப்பலாம் என்று நான் கடிதம் எழுதி வைத்தேன். அந்தக் கடிதத்தை வாங்க வந்த அன்றைக்கு நாள் தள்ளியிருந்தது. பெண் குழந்தை. இதை என் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். இப்படி முடியாத கதைகளும் என்னிடம் உண்டு. அதே தாளைப் படித்துவிட்டு அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுத்துச் சுகமாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். கட்டி ஒன்றுதான், அதைச் சுமக்கிற பெண்கள் வேறு வேறு.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது வலி திரும்பி வந்தது. கல்யாணம் ஆனால் போய்விடும், குழந்தை பிறந்தால் போய்விடும் என்று நாம் சொல்லி வந்ததற்கெல்லாம் அந்த உடம்பே பதில் சொன்னது. "கொழந்தை பொறந்தும் வலி வருதே, இது இன்னா டாக்டரம்மா ஞாயம்?" என்று இந்த முறை அவள் அம்மாவே அழைத்து வந்து என்னோடு சண்டை போட்டார். இருவரும் நன்றாகச் சண்டை போட்டோம். சுகன்யா சிரித்துக்கொண்டே, பழைய தாளில் எழுதியிருந்த ஹார்மோன் கருவியைத் தேர்ந்தெடுத்தாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளைக் கடைசியாகக் கிளினிக்கில் பார்த்தேன். கருவியின் சோதனைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து அவளுடைய பைலை எடுத்தேன். "எனக்கு இல்ல மேடம்" என்று சொல்லி, பின்னால் நின்றிருந்த ஒரு பெண்ணை முன்னால் இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். கடையில் புதிதாகச் சேர்ந்த பெண், பத்தொன்பது வயது இருக்கும். வயிற்றின் மேல் கைப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே, கூச்சமாகத் தலையைக் குனிந்து, அவசரமாக ஆரம்பித்தாள்.

"மேடம், வீட்டுல ஒரு விசேசம்..."

சுகன்யா அவள் தோளில் கை வைத்து நிறுத்தினாள்.

"இவங்ககிட்ட அதெல்லாம் வேணாம்டி. வலிக்குதுன்னே சொல்லு."